ராஜாவின் புகழ்க்கல்லில் முதுகு சொறிந்த மாடுகள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டைச் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அவர் யார் முகத்தில் விழித்தாரோ, அதைப் பொறுத்துத்தான் நாட்டில் நல்லதும் கெட்டதும் நடக்கும்.

ஒருநாள் அவருக்குத் தன் புகழ் நிலைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆளுயரத்துக்கும் மேலே கருங்கல் தூண்கள் செய்து, உச்சியில் தன் பெருமையை ஏழு வரியில் வெட்டச் சொல்லி, ஊருக்கு ஒன்றாக அனுப்பினார். கூடவே ஓர் ஓலை: "என் குடிகள் தினமும் அதிகமாகக் கூடும் இடத்தில் நடவும்."

மூன்று மாதம் கழித்துக் கஸ்தூரிராயர் சபையில் எழுந்தார். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தே பெரிய ஆளானவர் அவர்; அரண்மனைக்கு வரும் ஓலைகளும் அவர் பொறுப்புதான். புல்லாநத்தம் ஊரின் மேய்ச்சல் நிலத்தில் தனக்கொரு பூந்தோட்டம் போட வேண்டும் என்று வெகுநாளாகக் கண் வைத்திருந்தார்.

"சொல்லவே நா கூசுகிறது, மகாராஜா. புல்லாநத்தத்து ஊர்ச்சபையார் உங்கள் புகழ்க்கல்லைக் குளக்கரையில், மாட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறார்கள். மாடுகள் அதில்..."

"அதில்?"

"பின்பக்கத்தைத் தேய்க்கின்றன."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

"மாடு இருப்பதால்தானே இந்தத் திமிர்? அந்த ஊர் மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கி உமக்கே தருகிறேன், ராயரே. முதலில் என் கண்ணால் பார்த்துவிடுகிறேன். பல்லக்கு வரட்டும்."

மேய்ச்சல் நிலம் போனால் புல்லாநத்தத்தில் மாடு நிற்காது. மாடு இல்லையென்றால் ஏர் இல்லை, விளைச்சல் இல்லை. ராயரின் மல்லிகைக்காக ஓர் ஊரே காலியாக வேண்டும். எவ்வளவு நியாயம் பாருங்கள்.

ராயர் கூடவே வர, பல்லக்கு குளக்கரைக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். ஏர்களை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மாடுகள் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுக் கல்லுக்கு முன்னால் வரிசையாக நின்றன. முதலில் நின்ற வெள்ளைக்காளை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ராஜாவின் புகழில் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"யார் இங்கே பொறுப்பு?" என்று ராஜா இரைந்தார்.

ஒரு பெண் முன்னால் வந்தாள். "என் பேர் செம்பாயி, மகாராஜா. ஊர்ச்சபையில் இருக்கிறேன். மற்ற சபையார் அந்தப் புளியமரத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள். எனக்குத்தான் வாய் அதிகம் என்று என்னை அனுப்பினார்கள்."

ராயர் முந்திக்கொண்டார். "ஏ பெண்ணே, ராஜாவின் கல்லில் மாட்டைத் தேய்க்கவிட்டீர்களே, வெட்கமாயில்லை?"

"வெட்கப்பட என்ன இருக்கிறது, ராயரே? முதுகில் உண்ணி கடித்தால் சொறிந்துகொள்ள மாட்டுக்குக் கை இருக்கிறதா? வேலியில் போய்த் தேய்க்கும். வேலி சாயும். பக்கத்து வயலில் இறங்கி மேயும். அப்புறம் இரண்டு வீட்டுக்காரர்களும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதனால்தான் சபை கூடி முடிவெடுத்தோம். உச்சிவெயிலில் யாரும் ஏர் பூட்டக்கூடாது, தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும், தேய்த்துக்கொள்ள ஒரு கல் வேண்டும். சும்மா ஒரு கல் கேட்டு அரண்மனைக்கு மூன்று ஓலை எழுதினோம். ஒன்றுக்காவது பதில் உண்டா?"

ராஜா ராயரைப் பார்த்தார். ராயர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும்," என்றார் ராஜா. "குடிகள் கூடும் இடத்தில் என்றேன். மாடு கூடும் இடத்தில் என்றா சொன்னேன்?"

"படை கிளம்பும்போது வண்டி இழுக்க ஊருக்கு நாற்பது மாடு என்று ஓலை வருகிறதே, மகாராஜா. அப்போது அதுவும் உங்கள் குடி. முதுகு அரித்தால் மட்டும் மாடா?"

மடக்கிக் கேட்டால் ராஜாவுக்குக் கோபம் இரட்டிப்பாக வரும். ராயர் சமயம் பார்த்துக் குழைந்தார்.

"என் ஊரில் வந்து பாருங்கள், மகாராஜா. கல்லுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். ஈகூட உட்காராது."

"நல்லது," என்றாள் செம்பாயி. "அதில் எழுதியிருப்பதை ராயர் சொல்லட்டும். சொல்லிவிட்டால், அவர் வெகுநாளாகக் கண் வைத்திருக்கும் எங்கள் மேய்ச்சல் நிலம் அவருக்கே. எல்லைக்கல்லை நாங்களே நட்டுத் தருகிறோம்."

புளியமரத்துக்குப் பின்னாலிருந்து "அடிப்பாவி" என்று ஒரு குரல் கேட்டது.

ராயர் தொண்டையைக் கனைத்தார். "ஏழு கோட்டை வென்ற ஏந்தல்... ஏந்தல்... இன்னும் இதுபோல் பல."

"பல என்றால்?" என்று கேட்டார் ராஜா.

"பலப்பல, மகாராஜா."

செம்பாயி வெள்ளைக்காளையின் சொந்தக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "மொக்கையண்ணே, நீங்கள் சொல்லுங்கள்."

மொக்கையன் கயிற்றைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, கோட்டையில் தொடங்கி முதல் ஆறு வரியையும் ஒரே மூச்சில் கடகடவென்று ஒப்பித்தார். ராஜா வாய் பிளந்தார்.

"எழுதப் படிக்கத் தெரிந்தவனா நீ?"

"அதெல்லாம் இல்ல, சாமி. செம்பாயி ஒரு தடவை படிச்சுக் காட்டுச்சு. மாடு தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் எங்களுக்கு வேற என்ன வேலை? ஊரே மனப்பாடம். இடப்பக்கம் தேய்க்க மூணு வரி, வலப்பக்கம் தேய்க்க மூணு வரி. கழுத்துக்கு வர்றப்போ கடைசி வரி."

"கடைசி வரி என்ன?"

"'உயிர்கள் யாவற்றுக்கும் நிழலாய் நின்றவன்.' இந்த மாட்டுக்கும் சேர்த்துத்தானே, சாமி?"

ராஜா பல்லக்கிலிருந்து இறங்கினார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். மாட்டின் திமிலுக்கு மேலே எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லை. கீழே கல் வழவழவென்று மின்னியது. வெள்ளைக்காளை பெருமூச்சுவிட்டு நகர்ந்தது. ராஜா அப்படியும் இப்படியும் பார்த்தார். பட்டும் சரிகையுமாக அந்த வெயிலில் வந்த உடம்பு. மெதுவாகக் கல்லில் சாய்ந்தார். ஒரு தேய். இன்னொரு தேய். கண் பாதி மூடிக்கொண்டது.

"ராயரே."

"மகாராஜா?"

"நிலம் ஊருக்கே. எல்லா ஊர்க் கல்லையும் பெயர்த்து மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் நடச் சொல்லும். உச்சிவேளையில் ஏர் அவிழ்ப்பது இனி நாடு முழுக்கச் சட்டம். உம்முடைய மண்டபத்தில் வைக்கோல் அடுக்கும், மழை பொய்த்தால் குடியானவர்களுக்கு ஆகும். ஊர்ச்சபைகள் அனுப்பும் ஓலைக்கெல்லாம் இனி உம் கைப்பட, அன்றன்றைக்கே பதில் போக வேண்டும். ஆகா... இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்..."

"மகாராஜா," என்றாள் செம்பாயி, "கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது."

ராஜா நகர்ந்துகொண்டார். அடுத்த மாடு வந்தது.