சிறைக்குப் போன கத்தரிக்காய்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை மதிவாணன் என்ற ராஜா ஆண்டுவந்தார். போர் இல்லை, பஞ்சம் இல்லை. ராஜாவின் வயிறு ஒன்றுதான் அடங்க மறுத்தது. சாப்பிட்டுவிட்டு அரியணையில் அமர்ந்தால் உள்ளே இடி இடிக்கும். அந்தச் சத்தம் தூதர்கள் காதில் விழக்கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ராஜா சுண்டுவிரலைத் தூக்கினால் வாசல் முரசை ஓங்கி அடிக்க வேண்டும். தூதர்கள் ஏதோ மரியாதை என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். ஒரே நாளில் முப்பது முறை எழுந்து நின்றவர்களும் உண்டு.

அரண்மனை மாடுகளுக்கு அதிகாரி பூவராகர். தன் மைத்துனனை மடைப்பள்ளித் தலைவனாக்க அவருக்கு வெகுநாள் ஆசை. ஒருநாள் சபையில் ஆரம்பித்தார்.

"மகாராஜா, முன்னால் ருசி பார்ப்பவன் கல்லு மாதிரி இருக்கிறான். தங்களுக்கு மட்டும் வயிறு புரட்டுகிறது. சமையல்காரி வடிவுடையாள் கடைசியில் எதையோ கலக்கிறாள். நாட்டை விட்டே துரத்துங்கள்."

வடிவுடையாளை இழுத்துவந்தார்கள். இருபது வருஷமாக அந்த அடுப்பைத் தவிர அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"என்ன சொல்கிறாய்?" என்றார் ராஜா.

அவள் யோசித்தாள். ராஜாவைப் பத்தியம் இருக்கச் சொன்ன குற்றத்துக்காக வைத்தியர் இப்போது யானைக்கொட்டிலில் சாணம் அள்ளுகிறார். ஆனால் ராஜாவுக்கு விசாரணை என்றால் உயிர்.

"நான் தங்கள் வயிற்றுக்குள் ஒருநாளும் போனதில்லை, மகாராஜா. உள்ளே போனவர்களை விட்டுவிட்டு வெளியே நின்றவளைத் தண்டிக்கலாமா?"

ராஜாவின் முகம் மலர்ந்தது. "யார் யார் போனது?"

"கத்தரிக்காய், மொச்சை, பலாப்பழம், பால். விசாரணைக் கைதி தங்கள் எதிரில் வரக்கூடாது என்பது தாங்களே போட்ட சட்டம். ஒவ்வொருவரையும் மூன்று நாள் சிறையில் வையுங்கள். சாட்சிக்கு முரசு இருக்கிறது."

"பன்னிரண்டு நாள் தருகிறேன். குற்றவாளி அகப்படாவிட்டால் நீ எல்லை தாண்டவேண்டும்."

முதலில் கத்தரிக்காய்க் கூடை சிறைக்குப் போனது. வேல் பிடித்த இருவர் காவல். முரசு வழக்கம்போல முழங்கியது. மூன்றாம் நாள் கத்தரிக்காய் நிரபராதி என்று வெளியே வந்தபோது வாடிச் சுருங்கியிருந்தது. அடுத்து மொச்சை. முரசு இரண்டு அடி குறைந்தது, அவ்வளவுதான். பலாப்பழம் உள்ளே போனதில் ஈக்களுக்குத்தான் கொண்டாட்டம்.

ஒன்பது நாள் போய்விட்டது. வடிவுடையாள் துணிமணிகளை மூட்டை கட்டிவைத்துவிட்டு, "இனி பால்" என்றாள்.

பூவராகர் சிரித்தார். "மூன்று வேளையும் நானே கறந்து தருவது, அம்மணி. என் பால்தான் குற்றவாளி என்றால் நானே நாட்டை விட்டுப் போகிறேன்."

"சபை கேட்டுக்கொண்டிருக்கிறது, ஐயா."

பால் சிறைக்குப் போன அன்று முரசு நாலே அடி. மறுநாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் முரசு அடிப்பவன் தூணில் சாய்ந்து தூங்கினான்.

"இது தற்செயல்" என்றார் பூவராகர்.

"இருக்கலாம். இப்போதே ஒரு செம்பு பாலை விடுதலை செய்து பார்ப்போம்" என்றாள் அவள்.

ராஜா குடித்தார். சபை காத்திருந்தது. ஒரு நாழிகைக்குள் சுண்டுவிரல் உயர்ந்தது. பிறகு இறங்கவே இல்லை.

"பாலுக்கு மரண தண்டனை" என்றார் ராஜா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"வேண்டாம், மகாராஜா. அதே பாலைக் குடித்து ருசி பார்ப்பவன் நன்றாகத்தானே இருக்கிறான்? பால் மேல் தப்பில்லை. தங்கள் வயிற்றுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. உறைய வைத்துக் கடைந்து மோராகத் தருகிறேன். வயிறு ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்கிறேன். அதையும் முரசிடமே கேட்போம்."

மறுநாள் முதல் மோர். முரசு வாய் திறக்கவில்லை.

ராஜா வடிவுடையாளுக்குத் தன் கைக் காப்பைக் கழற்றிக் கொடுத்து, சபையில் ஓர் ஆசனமும் போட்டார். வைத்தியரை யானைக்கொட்டிலிலிருந்து வரவழைத்தார். பிறகு பூவராகர் பக்கம் திரும்பினார். அவர் தலையைக் குனிந்தபடி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பிவிட்டீர்? எல்லை தூரம். முரசு பக்கத்தில். இனி அதை நீர்தான் அடிக்கவேண்டும்."

அதன்பின் பூவராகருக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. எப்போதாவது மத்தியானத்தில் அவர் மூச்சிரைக்க முரசடிப்பது கேட்டால் மட்டும், ராஜா யாருக்கும் தெரியாமல் பால்கோவா தின்றுவிட்டார் என்று ஊர் முழுக்கப் புரிந்துகொள்ளும்.