வீட்டில் சேர்க்கவும்

முன்னொரு காலத்தில் மணற்கோட்டையைச் சினவேல் ராஜா ஆண்டு வந்தார். குளித்து முடிப்பதற்குள் மூன்று முறை மனம் மாறுகிற ராஜா. அந்த ஊரில் பொன்னை யாரும் வீட்டில் வைப்பதில்லை. அரண்மனைப் பொக்கிஷத்தில் கொடுத்து, தனக்குப் பின் அது யாருக்கு என்று ஓலையில் எழுதி வைப்பார்கள்.

உப்பு வணிகர் வைரவன் செட்டியாரும் அப்படித்தான் எழுதினார். செட்டியாருக்கு மனைவி பெயர் வாயில் வராது. கடையிலும் சந்தையிலும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றே பேசிப் பழகியவர். ஓலையிலும் அதையே எழுதினார்: 'எனக்குப் பின் வீட்டில் சேர்க்கவும்.' எழுதிய மறுமாதம் செத்தும் போனார்.

அவர் மனைவி இரண்டு பெண்பிள்ளைகளோடு பொக்கிஷத்துக்குப் போனாள். பொக்கிஷ அதிகாரி வல்லபராயருக்குப் பேச்செல்லாம் மூக்கு வழியாகத்தான் வரும். மந்திரி நல்லதம்பியைக் கண்டால் அந்த மூக்கும் அடைத்துக்கொள்ளும், அத்தனை பொறாமை.

"ம்ஹும்... ஓலையில் உன் பேர் எங்கேம்மா? வீட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த வீடு யாருடையது? என்னுடையது. நீங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். ஆக, பொன் எனக்கு. எழுத்து எழுத்துதான்."

பௌர்ணமிக்குள் வீட்டைக் காலி செய்யவும் சொன்னார். அவள் ஏழு முறை நடந்தாள். ஏழு முறையும் அதே மூக்கு, அதே பதில். எட்டாம் முறை மந்திரியிடம் போனாள். அவர் ஓலையைப் படித்தார், சிரிக்கவில்லை. வல்லபராயர் வாயாலேயே பதில் வரட்டும் என்றார்.

இரண்டு நாள் கழித்து ராஜா விருந்து வைத்தார். வல்லபராயர் வரவில்லை. 'வீட்டில் காய்ச்சல், வர இயலாது' என்று ஓலை மட்டும் வந்தது. மந்திரி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை சபையில் வல்லபராயர் மூச்சிரைக்க வந்து நின்றார். தலையெல்லாம் சுண்ணாம்பு. "மகாராஜா, மந்திரி அனுப்பிய ஆறு கொத்தனார்கள் என் வீட்டை இடிக்கிறார்கள்."

ராஜா திரும்பிப் பார்த்தார்.

"வைத்தியம் பார்க்கத்தான் அனுப்பினேன் மகாராஜா," என்றார் மந்திரி. "வீட்டில் காய்ச்சல் என்று இவரே எழுதியிருக்கிறார். எந்தச் சுவருக்கு என்று எழுதவில்லை. அதனால் எல்லாச் சுவரையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன்."

"வீட்டில் என்றால் வீடாய்யா? என் சம்சாரத்தைச் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் வல்லபராயருக்கு உறைத்தது. மந்திரி செட்டியாரின் ஓலையை எடுத்து ராஜாவிடம் நீட்டினார். ராஜா படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பொன் அந்த அம்மாளுக்கு, குடியிருக்கும் வீடும் அவளுக்கே, மந்திரிக்கு மோதிரம் என்று உத்தரவாயிற்று. "என் சுவர்கள்?" என்று வல்லபராயர் முனகினார். "இடித்தது இடித்ததுதான்," என்றார் ராஜா, அதே மூக்கால்.

மந்திரி சொல்லி அவளும் சபைக்கு வந்திருந்தாள். எழுத்தர் எழுத்தாணியை எடுத்து, "அம்மா, உங்கள் பேர்?" என்றார்.

"உமையாள்," என்றாள் அவள். "நாலே எழுத்து. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தார். அந்த நாலு எழுத்தை எழுதியிருந்தால் நான் எட்டு முறை நடந்திருக்க வேண்டாம்."

பொன்னை அங்கேயே திரும்ப வைத்தாள். தனக்குப் பின் மெய்யம்மைக்கும் விசாலத்துக்கும் என்று எழுதச் சொல்லி, இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ராஜாவுக்கு உற்சாகம் பொங்கியது. சபையில் எல்லாரும் இப்போதே மனைவி பேரில் ஓலை எழுத வேண்டும் என்றார். பாதிப் பேர், வீட்டுக்குப் போய்ப் பேரைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று நழுவினார்கள். ராஜாவும் ஆணியைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். மந்திரி பக்கம் சாய்ந்து, "பட்டத்தரசி பேர் என்னய்யா?" என்றார். மந்திரி சொல்ல வாயெடுப்பதற்குள் ராஜாவின் மனம் மாறிவிட்டது. தனக்கே பாடமா என்று கோபம். விறுவிறுவென்று எழுதி முத்திரையும் வைத்துவிட்டார்.

அடுத்த தை மாதம் ராஜா செத்துப் போனார். ஓலையைப் பிரித்தார்கள். 'எனக்குப் பின் ராஜ்ஜியம் அந்தப்புரத்துக்கு' என்றிருந்தது.

அந்தப்புரத்தில் நாற்பத்து மூன்று பேர். ஆளுக்கொரு அண்ணன், அண்ணனுக்கொரு படை.

மணற்கோட்டை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் படைகள் அடித்துக்கொண்டு முதல் புகை கிளம்பிய அன்றே உமையாள் பொன்னை வாங்கிக்கொண்டு பெண்களோடு வண்டியேறிவிட்டாள். மிச்சமிருந்த இடத்தில் இப்போது வீடும் இல்லை, வீட்டிலும் இல்லை.