ஒற்றைப் புதர்

"என்னோட கவுதாரி மூணு நாளா வாயத் தொறக்கலீங்க அம்மணி," என்றார் சென்னியப்பன். "கம்பு போட்டாத் தொடறதில்லீங்க. கரையான் போட்டாத் திரும்பிப் பாக்கறதில்லீங்க. இப்பிடியே உட்டா செத்துப் போயிருமுங்க."

துணி போர்த்திய கூண்டைத் தெய்வாத்தாளின் முன்னால் வைத்தார்.

தெய்வாத்தாள் திரும்பவில்லை. வாசலில் சாண் உயரத்துக்கு ஒரு சூரைச்செடி நின்றது. அதன் அடியில் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். முள்செடிக்குப் போய் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. காரியமாக வந்திருப்பதால் கேட்கவில்லை.

தெய்வாத்தாள் கரட்டடியில் செம்மறி மேய்ப்பவர். சென்னியப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் மனதில் முடிச்சு விழுந்தவர்கள் அவரைத் தேடித்தான் போவார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. அவர் பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்பார்கள். எனக்கென்னவோ, பாதி நேரம் அவர் ஆட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார் என்றுதான் சந்தேகம்.

சென்னியப்பன் கவுதாரி பிடிப்பவர்.

கூண்டுக்குள் இருந்த சேவலின் பெயர் மல்லன். குஞ்சாக எடுத்து வந்து, கரையான் ஊட்டி, மடியில் போட்டு வளர்த்தது. விடிகிற நேரத்தில் கூண்டை மேட்டுக்காட்டில் வைத்து, சுற்றிக் கண்ணி கட்டிவிட்டு, அவர் தள்ளிப் போய் ஒளிந்துகொள்வார். மல்லன் கத்தும். என் இடத்தில் வந்து கத்துகிறவன் எவன் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடி வரும். வந்தது கண்ணியில் மாட்டிக்கொள்ளும். எட்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

பிழைப்பு மட்டும் இல்லை. சென்னியப்பன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் குரல் என்று இருந்தது மல்லனின் குரல் ஒன்றுதான்.

"ஆரோ கண்ணு வெச்சுட்டாங்க," என்றார். மந்திரித்துத் துண்ணூறு போட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

தெய்வாத்தாள் கூண்டின் துணியை விலக்கினார். மல்லன் மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கிடந்தது. வெளிச்சம் பட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

"கடசியா எப்பங்கண்ணா இதுக்குப் பதிலு கெடச்சுது?"

சென்னியப்பன் யோசித்தார். போன ஆடியிலா? இல்லை. அதற்கு முந்தின ஆடியில். அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் மல்லன் கத்திக்கொண்டுதான் இருந்தது. எதிரிலிருந்து எதுவும் கத்தவில்லை.

"மேட்டுக்காட்ட என்ன பண்ணுனீங்க?"

சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்தது. அது அவர் கெட்டிக்காரத்தனம். சொல்லச் சொல்லி யாரும் இதுவரை கேட்டதில்லை.

முன்பெல்லாம் மேட்டுக்காட்டில் எங்கே பார்த்தாலும் இலந்தையும் சூரையும் காரையும்தான். காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. எந்தப் புதரிலிருந்து எந்தக் கவுதாரி வரும் என்று சொல்ல முடியாது. நூறு கண்ணி வைத்தால் இரண்டில் விழும். சென்னியப்பன் ஒரு யோசனை செய்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு போய், வருடத்துக்கு இத்தனை என்று புதர்களை வெட்டிக்கொண்டே வந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான தோட்டத்துக்காரர்களுக்குச் சந்தோசம். கூலியில்லாமல் காடு சுத்தமாகிறது, யார் வேண்டாம் என்பார்கள்? வேலிக் கிளுவையையும் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டுக்கொண்டார்கள்.

"கடசில ஒத்தப் பொதரு மட்டும் உட்டேனுங்க. எல்லாம் அங்கதானுங்களே வந்தாகோணும்?"

வந்தன. அந்த வருடம் ஒரே புதரில், ஒரே காலையில், ஒரு மாதத்துக் கவுதாரி விழுந்தது. மேட்டுக்காட்டில் இத்தனை கவுதாரியா என்று ஊரே வாயைப் பிளந்தது. அடுத்த வருடம் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த வருடம் நடுக்காட்டில் ஒற்றையாக நிற்கிறதே என்று தோட்டத்துக்காரர் அந்தப் புதரையும் டிராக்டரால் தள்ளிவிட்டார்.

தெய்வாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இது இங்கயே இருக்கட்டுங்கண்ணா," என்றார். "நீங்க மேட்டுக்காட்டுக்குப் போய் இதாட்டவே கத்துங்க. ஒண்ணே ஒண்ணு பதிலு குடுத்தாப் போதும். மல்லன் பொழச்சுக்கும்."

சென்னியப்பனுக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அவர் கத்தினால் கவுதாரிக்கே சந்தேகம் வராது.

மார்கழி மாதம். மறுநாள் விடியும்போது மேட்டுக்காடு பனிக்குள் இருந்தது. எது மண், எது வானம் என்று தெரியவில்லை. சென்னியப்பன் இரண்டு கையையும் வாயருகே குவித்து, மல்லனைப் போல மூன்று தரம் கத்தினார்.

பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது.

கொஞ்ச தூரம் நடந்து மறுபடி கத்தினார். பிறகு இன்னும் கொஞ்ச தூரம். வெயில் வரும்வரை கத்திவிட்டுத் திரும்பினார். மல்லன் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, தலை மட்டும் தொங்கிவிட்டது என்றார் தெய்வாத்தாள்.

இரண்டாம் நாள் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அவர் நேராக நடக்கவில்லை. வெறும் மண்ணில், எதிரில் ஒன்றுமே இல்லாத இடத்தில், கால் வளைந்து சுற்றிப் போனது. நின்று யோசித்தார். அந்த இடத்தில் பெரிய இலந்தை ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் வெட்டியது.

இன்னும் பத்தடி. கால் மறுபடி வளைந்தது. அங்கே காரை.

அப்புறம் அவர் காலை அதன் போக்கில் விட்டுவிட்டார். கால் போகிற வழியில் ஒவ்வொன்றாக வந்தன. சூரை, இலந்தை, காரை. பனியில் அவை நிற்பது போலவே இருந்தது. ஒரு இடத்தில் வேட்டியை முள் இழுத்தது போலிருந்தது. குனிந்து விடுவித்துக்கொள்ளப் போனார். விடுவிக்க எதுவும் இல்லை. அப்படியே குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அன்றும் கத்தினார். பதில் இல்லை. இவ்வளவு பெரிய அமைதியை அவர் அதுவரை கேட்டதில்லை. மல்லன் ஒன்றரை வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் பனி இன்னும் கெட்டியாக இறங்கியிருந்தது. எந்தப் பக்கம் நடக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. பசிக்கவில்லை, குளிரவில்லை. கத்துவார், நிற்பார், நடப்பார். தான் சென்னியப்பன் என்பதே கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. இந்தக் காட்டில் மிச்சமிருக்கிற ஒரே கவுதாரி தான்தான் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

கத்தினார்.

பதில் வந்தது.

மெலிந்த குரல். ஆனால் கவுதாரிதான். சென்னியப்பன் மூச்சை நிறுத்திக்கொண்டார். மறுபடி கத்தினார். மறுபடி வந்தது, முன்னைவிடத் தெளிவாக.

ஓடினார். அறுபதை நெருங்குகிற மனிதர், பனிக்குள், செருப்பு ஒன்று கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். கத்திக்கொண்டே ஓடினார். அது பதில் கொடுத்துக்கொண்டே இருந்தது. இருக்கிறது, ஒன்றாவது இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். கன்னத்தில் வழிந்தது பனி இல்லை. நடுவில் கை ஒருமுறை கண்ணியைத் தேடி இடுப்புக்குப் போனது. வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டார்.

மேடு ஏறி இறங்கியதும் பனி விலகியது.

எதிரில் தெய்வாத்தாளின் வாசல். சாண் உயரச் சூரைச்செடி. துணி எடுத்த கூண்டு. கூண்டுக்குள் மல்லன் கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, மேட்டுக்காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. கீழே சிந்திய கம்பு பாதிக்கு மேல் காலியாகியிருந்தது.

சென்னியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மல்லன் அவரைப் பார்த்தது. அவருக்குப் பின்னால் பார்த்தது. பக்கத்தில் பார்த்தது. வந்துகொண்டிருந்த கவுதாரி எங்கே போயிற்று என்று அது தேடியது.

"காத்தால உங்க சத்தம் கேட்டுதுங்கண்ணா," என்றார் தெய்வாத்தாள். "எந்திரிச்சு நின்னுச்சு. அப்பறந்தான் தின்னுச்சு."

சென்னியப்பன் முட்டி போட்டு உட்கார்ந்து கூண்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் அவருக்கு ஒரு வேகம் வந்தது. இனி இதை அடைத்து வைக்க மாட்டேன் என்றார். இனிக் கண்ணியைத் தொட மாட்டேன் என்றார். கூண்டைத் திறந்து மல்லனை வெளியே விட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூங்கில் கூண்டைத் தூக்கிப் பாறையில் ஓங்கி அடித்தார். அது நாலாக உடைந்தது. அந்த நேரத்தில் அவருக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

தெய்வாத்தாள் உடைந்த மூங்கிலைப் பார்த்தார்.

மல்லன் வெறும் மண்ணில் நாலு எட்டு வைத்தது. நின்றது. இன்னும் நாலு எட்டு. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. எதிரில் உழுத காடும், அதைத் தாண்டிக் கம்பிவேலியும், அதையும் தாண்டி இன்னொரு உழுத காடும்.

மண்ணில் ஒரு நிழல் ஓடியது.

வல்லூறு.

மல்லன் ஓடியது. வலப்பக்கம் ஓடி, ஒன்றும் இல்லாமல் திரும்பியது. இடப்பக்கம் ஓடியது. சாண் உயரச் செடிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தது. உடம்பு முழுக்க வெளியே இருந்தது. நிழல் திரும்பி வந்தது. மல்லன் அங்கிருந்து கிளம்பி, அந்த வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்த ஒன்றே ஒன்றை நோக்கி ஓடி வந்து, சென்னியப்பனின் இரண்டு காலுக்கும் நடுவே, வேட்டிக்குள் புகுந்துகொண்டது.

வல்லூறு தாழ வந்து, மேலே எழும்பி, கம்பிவேலிக் கல்லில் போய் உட்கார்ந்தது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

"ஆடாதீங்கண்ணா," என்றார் தெய்வாத்தாள்.

சென்னியப்பன் ஆடவில்லை. கெண்டைக்காலில் மல்லனின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது தெரிந்தது. அவர் சொன்ன வார்த்தை அவருக்கே ஞாபகம் வந்தது. எல்லாம் அங்கதானே வந்தாகோணும்.

"கையில தூக்கிக்கட்டுங்களா அம்மணி?"

"தூக்கீட்டுப் போயி எங்க உடுவீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் பார்த்தார்.

வெயில் ஏறியது. வல்லூறு இருந்த இடத்திலேயே இருந்தது. சென்னியப்பனுக்கு முட்டி நோகத் தொடங்கியது. நாக்கு வறண்டது. மல்லனின் நெஞ்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. வேட்டி மடிப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு அது தூங்கியேவிட்டது.

"எத்தன நேரமுங்க நான் இப்பிடியே நிக்கறது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

தெய்வாத்தாள் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

குடிக்கத்தான் என்று நினைத்து அவர் கையை நீட்டினார்.

தெய்வாத்தாள் அதை அவர் காலடி மண்ணில் சுற்றிலும் மெதுவாக ஊற்றிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.