கழுதை மயிலாத்தாள் புல்வெட்டி வாங்கிய கதை

காட்டோரத்தில், குளத்தின் மேல்கரையில், மயிலாத்தாள் என்ற பெண் கழுதைக்கு இரண்டு ஏக்கர் புல்காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே இடுப்பு உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல். கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்திருந்தது. புல் பூத்துச் சாய்ந்து நின்றது. விதை கொட்டுவதற்குள் அறுத்துக் காயவைத்துவிட்டால் கோடை முழுக்கத் தின்னலாம். விட்டுவிட்டால் தண்டு குச்சியாகிவிடும். அதைக் கழுதைகூடத் தொடாது.

மயிலாத்தாளுக்கு வயிற்றில் குட்டி இருந்தது. பங்குனியில் ஈன வேண்டும். போன முறையும் பங்குனியில்தான் ஈன்றாள். அப்போது காட்டில் பச்சை என்று ஒரு இலை இல்லை. தின்ன ஒன்றும் கிடைக்காமல் அவளுக்குப் பால் சுரக்கவில்லை. குட்டி ஒன்பது நாள் தள்ளாடி நின்றது. பத்தாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து மயிலாத்தாளால் ஒரே இடத்தில் நிற்க முடிவதில்லை. வேலியோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். வாயில் எடுத்த புல்லை மெல்ல மறந்துவிடுவாள். யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே அடுத்தவரிடம் போய்விடுவாள். பாவம், அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? ஆனாலும் இந்தக் கதையில் நடந்த அநியாயத்தில் பாதி அந்த அவசரத்தால் நடந்தது.

இரண்டு ஏக்கரை வாயால் அறுத்துக் காயவைக்க முடியாது. குரங்கு மாரப்பனிடம் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. இருபத்திரண்டு குதிரைத்திறன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். இருபத்திரண்டும் கிழட்டுக் குதிரைகள் என்பது மேடு ஏறும்போது தெரியும். வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது. பின்னால் மாட்டப் புல்வெட்டிதான் இல்லை.

அதற்கும் வழி இருந்தது. குளத்தின் மறுகரையில் கீரி செங்கோடன் கருவிக் கடை வைத்திருந்தான். அவன் கடைக்கு மயிலாத்தாள் ஒரு வருஷம் சுமை சுமந்திருந்தாள். அதற்குக் கூலியாக அவளுக்கு ஒரு புல்வெட்டி தருவதாகப் பேச்சு. எதை வேண்டுமானாலும் எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று செங்கோடன் சொல்லியிருந்தான்.

மயிலாத்தாள் கடைக்குப் போனாள். நாலு விதமான வெட்டிகள் இருந்தன. நாலையும் ஒரு பார்வை பார்த்தாள். தலை சுற்றியது. எதை எடுப்பது? தப்பாக எடுத்துவிட்டால்? அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கலாம். நிற்பதுதான் அவளுக்கு வராதே. திரும்பி ஓடினாள், யாரிடமாவது கேட்டுக்கொண்டு வரலாம் என்று.

முதலில் கண்ணில் பட்டவள் எருமை பாவாயி. குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தாள். புல்வெட்டி வாங்க வேண்டும், எதை வாங்கட்டும் என்று மயிலாத்தாள் மூச்சு வாங்கக் கேட்டாள்.

பாவாயி நாக்கை நீட்டிக் காட்டினாள். "என்ற நாக்கைப் பாரு. ஒரு சுழட்டுக்கு ஒரு கட்டுப் புல்லு வந்து விழுகுது. அகலம் இல்லாம என்னடி அறுப்பு? இருக்கறதுலயே அகலமானதை எடு."

பாவாயி இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் மயிலாத்தாள் பாதிக் குளத்தைச் சுற்றிவிட்டாள்.

"எருமை சொன்னதைக் குடுங்கண்ணா. அகலமானது."

செங்கோடன் ஒன்றும் பேசாமல் ஆறடி அகலமுள்ள சுழல் வெட்டியை இறக்கிக் கொடுத்தான். இரும்பு மேசையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அடியில் இரண்டு பெரிய கத்திகள். மாரப்பன் அதைப் பார்த்ததுமே தலையைச் சொறிந்தான். இருந்தாலும் மாட்டினான்.

காட்டு வாசலில் அது நுழையவில்லை. வாசலை ஒட்டிய கிளுவையை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார்கள். அதற்கே ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் உள்ளே கொண்டுபோய் ஓட்டினால், சின்ன மேட்டில் டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. மாரப்பன் கத்திக்கொண்டே கீழே குதித்தான். வண்டி புகை கக்கி நின்றுவிட்டது. அறுபட்டது பத்தடிப் புல். அதுவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது.

வேலியில் விழுந்த ஓட்டை சும்மா இருக்குமா? அது வழியாக வெள்ளாட்டுக் கிடாய் ராக்கியப்பன் உள்ளே வந்தான். மயிலாத்தாளின் புல்லைத் தின்றுகொண்டே அவளுக்காக வருத்தப்பட்டான். எருமைக்கு என்ன தெரியும், அவள் பல்லால் கடித்தா தின்கிறாள் என்று கேட்டான். அப்புறம் தன் வாயைத் திறந்து காட்டினான்.

"இந்த வாய்க்குள்ள முள்ளு போகுது, குச்சி போகுது, வேலாஞ்செடி போகுது. எதையும் மிச்சம் வைக்கறதில்ல. நொறுக்கிப் போடற மிசினு ஒண்ணு இருக்குது, மல்ச்சர்னு. அதை வாங்கு. உன்ற வண்டி தாராளமா இழுக்கும்."

வண்டி இழுக்கும் என்ற சொல் மயிலாத்தாளுக்குத் தேனாக இருந்தது. அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஆறடி வெட்டி கடைக்குத் திரும்பிப் போனது, மல்ச்சர் வந்தது.

அதில் ஓர் உருளை. உருளை முழுக்கச் சின்னச் சின்ன இரும்புச் சுத்தியல்கள். நாலடி அகலம்தான். ராக்கியப்பன் சொன்னது பொய்யில்லை, டிராக்டர் அதை அலட்டிக்கொள்ளாமல் இழுத்தது. புல் மடமடவென்று தாழ்ந்தது. மாரப்பன் நடுவில் ஒருமுறை நிறுத்தி, வெட்டினதைப் பார்த்துவிட்டுத் தொடரலாமா என்று கேட்டான். நிறுத்தாதே, ஓட்டு ஓட்டு என்று மயிலாத்தாள் விரட்டினாள். மத்தியானத்துக்குள் ஒரு ஏக்கர் முடிந்தது. மீதி நாளைக்கு என்று மாரப்பன் வண்டியை நிறுத்தினான். பல மாதங்களுக்குப் பிறகு அவள் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றாள். இந்தக் குட்டி பிழைத்துவிடும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலை காய்ந்திருக்கிறதா என்று வாய் வைத்துப் பார்த்தாள். தும்மல் வந்தது. இன்னொரு இடத்தில் வைத்தாள். அங்கும் தும்மல். புல் என்று அங்கே ஒன்றும் இல்லை. தவிட்டைப் போலப் பொடி, அதோடு மண், அதோடு முள். வாரிக் கட்ட வழியில்லை. வாடைக்காற்று ஒரு வீசு வீசியது. பொடியில் பாதி எழுந்து குளத்தில் போய் விழுந்தது. தண்ணீரெல்லாம் பச்சை ஆகிவிட்டதென்று பாவாயி கரையேறி வந்து சண்டை போட்டாள்.

அந்தப் பொடி மண்ணுக்கு நல்ல உரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பங்குனியில் வயிறு கேட்பது உரத்தையா?

மயிலாத்தாள் வேலியோரம் ஓட ஆரம்பித்தாள். நடக்கவில்லை, ஓடினாள். ஒரு ஏக்கர் போயிற்று. இருப்பது இன்னொரு ஏக்கர். அதிலும் விதை கொட்டத் தொடங்கியிருந்தது. கிழக்கே அடிவானத்தில் ஒரு மேகக் கருக்கல் தெரிந்தது. கடைசி மழை ஒன்று வரப்போகிறது என்று கொக்குகள் பேசிக்கொண்டு போயின. ராக்கியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டாள். மிசின் சொன்ன வேலையைச் செய்ததா இல்லையா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அப்போது வளையிலிருந்து ஒரு முயல் எட்டிப் பார்த்தது. அதனிடமும் மயிலாத்தாள் கேட்டாள். அவள் யாரிடம்தான் கேட்கவில்லை? அடியோடு ஒட்ட வெட்ட வேண்டும், ஜமுக்காளம் விரித்த மாதிரி இருக்க வேண்டும், தன் முன்பல் அப்படித்தான் வெட்டும் என்றது முயல். பங்களாத் தோட்டத்தில் ஓட்டுகிற தரைவெட்டி ஒன்று கடையில் இருப்பதாகவும் சொன்னது.

மயிலாத்தாள் மாரப்பனை வண்டியோடு இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வழியெல்லாம் மாரப்பன் புலம்பிக்கொண்டே வந்தான். எத்தனை முறை மாட்டுவது, எத்தனை முறை கழற்றுவது, இடுப்பு போயிற்று என்றான்.

"முயல் சொன்னதைக் குடுங்கண்ணா. சீக்கிரம்."

செங்கோடன் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் தரைவெட்டியின் கயிற்றை அவிழ்க்கப் போனான். அந்த மௌனத்தைப் பார்த்து மயிலாத்தாளுக்கு ஆத்திரம் வந்தது. பின்னங்கால் தானாகத் தூக்கிக்கொண்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏண்ணா, இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கறீங்க. எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்கு நல்லது?" என்றான் செங்கோடன்.

மயிலாத்தாள் தரைவெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு தரம் வந்துட்டே அம்மணி. எருமை சொன்னதைக் குடுன்னே. கிடாய் சொன்னதைக் குடுன்னே. இப்ப முயல் சொன்னது. எதுக்கு வேணுமுன்னு ஒருக்காகூட நீ சொல்லலியே."

கடை வாசலில் மயிலாத்தாள் நின்றாள். நாலு காலும் தரையில் நின்றன. மாரப்பன் புலம்புவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"பங்குனியில எனக்குக் குட்டி பொறக்கும்" என்றாள் மெதுவாக. "அதுக்குப் பால் வேணும். பால் வரணுமுன்னா நான் திங்கணும். நான் திங்கணுமுன்னா இந்தப் புல்லு தண்டோட, இலையோட, முழுசாக் காஞ்சு கட்டுக் கட்டா இருக்கணும்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நொறுக்குவது வேண்டாம். ஜமுக்காளம் மாதிரி ஒட்ட வெட்டுவதும் வேண்டாம். அகலம் ஒரு பொருட்டே இல்லை. புல்லை ஒரே வெட்டாக வெட்டி, அப்படியே சாய்த்துவிட்டுப் போகிற ஒன்று வேண்டும். கடையின் மூலையில் நீளமான பட்டை ஒன்று சாத்தியிருந்தது. பட்டை முழுக்கப் பல்வரிசை. கத்தரிக்கோல் மாதிரி இங்கும் அங்கும் ஓடி வெட்டுகிற பட்டைக் கத்தி. முதல் நாள் பார்த்தபோது நோஞ்சானாகத் தெரிந்ததால் அதை அவள் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை.

"இதை மொதல் நாளே காட்டியிருக்கலாமே" என்றாள்.

கேட்காதவர்களுக்கு யோசனை சொல்வதை விட்டுவிட்டதாகச் செங்கோடன் சொன்னான். ஒருமுறை கரடிக்குக் கேட்காமல் யோசனை சொல்லி அறை வாங்கினானாம். கரடி அறைந்தால் அறைந்துவிட்டுப் போகட்டும், வயிற்றில் குட்டியோடு ஒருத்தி ஓடி ஓடி வரும்போது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா? எனக்கு அந்தக் கீரி மேல் இன்னும் கோபம்தான்.

பட்டைக் கத்தியை மாட்டி மாரப்பன் ஓட்டினான். டிராக்டர் பாரமே தெரியாமல் போனது. புல் தலை கலையாமல் வரிசையாகப் படுத்தது. ஒரு ஏக்கரும் சாயங்காலத்துக்குள் முடிந்தது. இனிக் காய வேண்டும். அதற்கு மூன்று நாள் வெயில் வேண்டும். கருக்கல் வானத்தில் பாதி தூரம் வந்துவிட்டது.

மயிலாத்தாள் அந்த மூன்று நாளும் தூங்கவில்லை. வாயால் புல்லைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் முதல் தூறல் விழுந்தது. அவளும் மாரப்பனும் வாரி வாரிப் பாறைக் குகைக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். முக்கால் ஏக்கர் புல் உள்ளே போயிற்று. கால் ஏக்கர் நனைந்து கறுத்து அழுகியது.

பங்குனியில் குட்டி பிறந்தது. பெண் குட்டி. பால் சுரந்தது. ஆனால் இரண்டு ஏக்கர் புல் இருக்க வேண்டிய குகையில் முக்கால் ஏக்கர் புல்தானே இருந்தது? சித்திரை பாதியில் அது தீர்ந்தது. மழை வர வைகாசி ஆயிற்று. அந்த ஒரு மாதம் மயிலாத்தாள் சருகையும் மரப்பட்டையையும் தின்று குட்டிக்குப் பால் கொடுத்தாள். குட்டி துள்ளிக் குதித்தது. தாய்க்கு நடந்தால் முட்டி நடுங்கியது.

ஒருநாள் குட்டி அவள் விலாவில் முகத்தைத் தேய்த்துவிட்டுக் கேட்டது.

"அம்மா, உனக்கு மட்டும் ஏன் எலும்பெல்லாம் வெளிய தெரியுது?"

"நம்ம புல்லுல பாதிக்கு மேல ஊரார் வாய்க்குக் குடுத்துட்டேன், சாமி" என்றாள் மயிலாத்தாள்.

ஒரு கருவி வாங்கப் போகிறவர் எது நல்லது என்று பத்துப் பேரைக் கேட்பதற்கு முன்னால், அது எந்த வேலைக்கு என்று தமக்குத் தாமே ஒருமுறை நின்று சொல்லிக்கொள்ள வேண்டும்.