வெளுத்துப் போன குடுவை

கண்ணை நன்றாக விரித்துப் படியுங்கள். கடைசியில் விடையை உங்களிடம்தான் கேட்கப் போகிறேன்.

கடலோரக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவியான செண்பகவல்லி அன்று விடியும் முன்பே எழுந்துவிட்டாள். கொய்யா இலைக் கஷாயத்தை சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றி வெயிலில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகி, நீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும். இதற்கென்று வேறு நச்சு இரசாயனம் வேண்டாம். இரண்டு வருடமாக அவள் செய்துவந்த இந்த வேலையெல்லாம் பொய்யென்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்த பேராசிரியை ஜெசிந்தாவின் முன்னால் இன்று செய்து காட்ட வேண்டும். தவறினால் பட்டமும் போகும், பெயரும் போகும்.

எப்போதும் இலையைத் தானே பறித்து, ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த வடிநீர் விட்டு அலசுவாள். அன்று அவள் பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்ததால், அம்மாவே பறித்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

"காலிபிளவர அலசுற மாதிரி அலசிருக்கேன். ஒரு பூச்சி பொட்டு இருக்காது. திரும்ப அலசிக்கிட்டு நிக்காத, நேரமாயிரும்."

"சரிம்மா" என்று ஓடினாள்.

குடுவைகளைக் கழுவி வைத்திருந்தவர் ஆய்வக உதவியாளர் பிலோமினா. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் உவர். கொஞ்சம் கலந்தாலும் வெள்ளிக் கரைசல் வெளுத்துவிடும் என்பதால், கடைசியில் வடிநீர் விட்டு அலம்புவார். சில்வர் நைட்ரேட்டைக் கரைத்து வைத்தவன் சக மாணவன் சுடலைமணி. அவனுக்கும் இவளுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை.

செண்பகவல்லி தன் பூட்டிய அலமாரிப் பாத்திரத்தில், வடிநீரில் இலையை வேகவைத்து வடிகட்டினாள். இரண்டு குடுவைகளில் சில்வர் நைட்ரேட்டை ஊற்றினாள். ஒன்றில் கஷாயத்தைச் சேர்த்ததுதான் தாமதம், மோர் போல வெளுத்துக் கலங்கியது. தொலைந்தோம் என்றே நினைத்தாள்.

ஜெசிந்தா தெளிவாக நின்ற மற்றக் குடுவையைக் காட்டினார். "அதுலயும் ஊத்துங்க."

ஊற்றினாள். அதுவும் வெளுத்தது. கதவோரம் நின்ற சுடலைமணி சிரிக்கிறானா என்று பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள்: குடுவையை வெளுக்க வைத்தது யார் கை?

விடை: கஷாயம் சேரும்வரை இரண்டாம் குடுவை தெளிவாக இருந்ததே, அதிலேயே பிலோமினாவும் சுடலைமணியும் விடுபட்டுவிட்டார்கள். மிஞ்சியது இலை. நம் வீடுகளில் காலிபிளவரை எதில் அலசுகிறோம்? கல்லுப்புப் போட்ட வெந்நீரில். அம்மா அலசிய இலையில் ஒட்டி வந்த அந்த உப்புதான், உவர்த் தண்ணீரைப் போலவே, வெள்ளிக் கரைசலை வெளுக்க வைத்தது. செண்பகவல்லிக்கும் அது உறைத்தது. மிச்ச இலையை வடிநீரில் ஐந்தாறு தடவை அலசி, மறுபடி வேகவைத்து, புதுக் கரைசலில் ஊற்றி வெயிலில் வைத்தாள். ஜெசிந்தாவின் கண்ணெதிரே நீர் மெல்லச் சிவந்தது. சாயங்காலம் அம்மா வாசலிலேயே நின்று, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "நீ குடுத்த இலைதாம்மா காப்பாத்துச்சு" என்றாள் மகள்.