பட்டியலில் இல்லாத அரையணா

கோயமுத்தூர் நாணயக் கண்காட்சியில் மார்த்தாண்டம் சொன்னால் அதுதான் தீர்ப்பு. எண்ணூறு பக்கத்துக்கு நாணயப் பட்டியல் போட்டவர் ஆயிற்றே! அவர் முன்னால் போய் நின்றாள், பித்தளைக் கடையில் பாத்திரம் துலக்கும் செங்கமலம். தான் விலைக்கு வாங்கிய சின்னப் பழைய பெட்டிக்குள் கிடைத்த அரையணாவைப் பெட்டியோடு நீட்டினாள். அதில் முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு.

"புழக்கத்துக்கு விடாம, மாதிரிக்குன்னு தனியா அடிச்ச காசாங்கய்யா இது?"

மார்த்தாண்டம் கையுறை மாட்டினார். விளிம்பை மட்டும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பட்டுத்துணியில் மெல்ல வைத்தார்.

"என் புத்தகத்திலே இல்லை. அப்போ போலி. போலியைத் திருப்பித் தர மாட்டோம். நிஜம்னா என் புத்தகத்திலேயே காட்டு, எடுத்துட்டுப் போ!"

இல்லாத பக்கத்தை எங்கே போய்க் காட்டுவது? செங்கமலத்தின் கண்ணோ அவருடைய கையுறைமேலேயே இருந்தது.

"போலின்னா போகட்டுங்க. ஒரு தடவை துலக்கியாவது வெச்சுட்டுப் போறேன்" என்று மடியிலிருந்த புளியை எடுத்துக் காசருகே கொண்டுபோனாள்.

"ஐயையோ, தொடாதே! கைரேகை பட்டாலே போச்சு! உலகத்திலேயே வேற கிடையாதும்மா!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"போலிக்கா ஐயா இந்தப் பதறு பதறுறீங்க?"

சிரிப்பு வெடித்தது. காசைப் பட்டுத்துணியோடு தன் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டாள் செங்கமலம்.

"எண்ணூத்தியோராம் பக்கம் ஒண்ணு சேருங்கய்யா. கண்டெடுத்தது செங்கமலம்னு போடுங்க. துலக்காம விட்டதும் அவதான்னு மறக்காம எழுதுங்க."