ஒளிய மறுத்த பூனை

மூன்று நாளாக ஆறுமுகநயினார் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் ஒரு பூனையால் வந்த வினை.

மனிதர் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் எஸ்தர் டீச்சரிடம் சனிக்கிழமை தோறும் போய்ப் புது வித்தை ஒன்று கற்றுக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான். வித்தை இதுதான்: எந்த மின்சுற்று வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் அதுவாகவே மாறிக்கொள்ளும் ஒரு சிப்பு. அதற்குள்ளே பழைய கம்ப்யூட்டர்களை மறுபடி உண்டாக்கலாம்.

மனைவி சண்முகவடிவு கல்லூரிக் காலத்தில் தட்டிய கம்ப்யூட்டரை அவர் அந்தச் சிப்புக்குள் செய்து முடித்தார். அவள் வாழ்நாளில் எழுதிய ஒரே விளையாட்டு ஒரு கேசட்டில் இருந்தது. போட்டார், ஓடியது. எலி வந்தது, நெல்லுப்பானைகள் வந்தன. பானைக்குப் பின்னால் ஒளிய வேண்டிய பூனை மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு நின்றது.

"உன் புரோகிராம்லதான் தப்பு, வடிவு. நான் திருத்தித் தாரேன்" என்றார்.

"அதுல கை வச்சீங்கன்னா நடக்கிறதே வேற" என்று எழுந்து போனவள்தான். அதற்கப்புறம் சாப்பாடு மேஜைக்கு வந்தது, வார்த்தை வரவில்லை.

கடைசியில் டீச்சரையே வீட்டுக்கு வரவழைத்தார்.

"தலை வெடிச்சிரும் போலிருக்கு டீச்சர். ஆயிரம் தடவை பார்த்துட்டேன். என் மெஷின்ல ஒரு குறை கிடையாது."

"பழைய மெஷின்ல இருந்துதா?"

"இருந்துதே! திரையில ஒரு வரியில எட்டு உருவத்துக்கு மேல காட்ட அதுக்குத் துப்பில்லை. ஒன்பதாவது வந்தா காணாமப் போயிரும். என்ன மெஷினோ, கண்ராவி! நான் அதைச் சரி பண்ணிட்டேன். இப்ப முப்பது வந்தாலும் காட்டும்."

எஸ்தர் திரையில் இருந்த பானைகளை விரலால் எண்ணினாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பூனையை எப்படி ஒளிய வச்சீங்க?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"எட்டுப் பானையை ஒரே வரியில வச்சேன். பூனை அந்த வரிக்கு வந்தா ஒன்பதாவது. அந்த மெஷினுக்குத்தான் ஒன்பதாவது தெரியாதே!"

ஆறுமுகநயினாருக்குச் சுருக்கென்றது. வெட்கத்தை மறைக்கக் கோபம்தான் கைக்குக் கிடைத்தது.

"அடிப்பாவி! மூணு நாளா மண்டையை உடைச்சிக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீங்க கேட்டீங்களா?"

கரண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு டீச்சர் பக்கம் குனிந்தார்.

"பெரிய ரோதனையாப் போச்சே. அப்ப நான் எடுத்த குறையைத் திரும்ப வைக்கணும்கிறீங்களா?"

எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அதை நான் வச்சிருதேன் சார், பத்து நிமிஷ வேலை. நீங்க அடுப்படிக்குப் போங்க."